வியாழக்கிழமைச் சத்தம்

அந்தக் கூடத்தில் கடிகாரம் கிடையாது. முதல் நாள் எனக்கு அது தெரியாது. எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் டிக், டிக் என்று கேட்கத் தொடங்கியது. நான் கண்ணைத் திறந்து சுவரெல்லாம் தேடினேன். வெள்ளையடித்த சுவர், இரண்டு ஜன்னல், மூலையில் சாத்திவைத்த குடைகள். கடிகாரத்தைவிடச் சற்று அவசரமான நடை அந்தச் சத்தத்துக்கு. அது பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவிடமிருந்து வந்தது. அவள் கையில் வாட்ச் இல்லை, கண்ணாடி வளையல்தான். முந்தானையை நெஞ்சின் மேல் இழுத்துப் பிடித்திருந்தாள், பிள்ளை அழுகிற சத்தம் வெளியே போகாமல் அமுக்குகிறவளைப்போல.

அவளை எனக்குக் கடையில் பழக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கலில் நான் மருந்தாளுநர். அவள் நீட்டிய சீட்டைப் பார்த்த அன்றே அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். உலோக வால்வு. அதன்மேல் ரத்தம் உறைந்து ஒட்டினால் திறந்து மூட முடியாமல் சிக்கிக்கொள்ளும். அதனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, உயிர் இருக்கிற வரை. இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் அந்த வால்வு அமைதியான இடத்தில் வெளியே கேட்கும் என்பது என் பாடத்தில் இல்லை. இருந்திருந்தாலும், லோடு ஆட்டோக்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கிற எங்கள் தெருவில் அது காதில் விழுந்திருக்காது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். முக்கூடல் பக்கம் ஊர். அம்மா பீடி சுற்றுகிறவள், அப்பாவுக்கு வயல் வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, பெருமைதான். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் நான் வாசித்துவிடுவேன். ஆனால் கடை முடிந்து ஹாஸ்டல் அறைக்குப் போனால் பேச ஆளில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகள் என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அக்கா ஒரு நாள் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வியாழக்கெழம சாயங்காலம் எங்கூட வா. அங்கன யாரும் ஒன்னய ஒன்னும் கேக்க மாட்டாவ."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போனேன்.

ஊரில் அந்த இடத்துக்குச் சிலுவை இல்லாத கோயில் என்று பெயர். யூனிட்டேரியன் சபை என்று வாசலில் ஒரு பழைய பலகை உண்டு, பாதி எழுத்து உரிந்துபோயிருக்கும். அதை நடத்துகிறவர் ஒரு இரும்புக் கடைக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருடைய பாட்டனார், கடவுள் மூவராக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஒருவர் என்றே படுகிறது என்று தன் கிறிஸ்தவக் கோயிலில் எழுந்து நின்று சொல்லிவிட்டாராம். அவரை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். முடிவில் வெளியேற்றினார்கள். செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை. வெளியே வந்த சிலர் சேர்ந்து இந்தச் சின்ன ஓட்டுக் கட்டடத்தைக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் யாரும் வரலாம். எந்தச் சாமியும் கும்பிடலாம், சாமி இல்லை என்றும் சொல்லலாம்.

அந்தப் பாட்டனாரை நினைத்து வந்ததுதான் வியாழக்கிழமை விதி. வட்டமாக நாற்காலி. கிண்ணம்போல ஒரு பித்தளை விளக்கு கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவார். பேசியதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. கேள்வி கூடாது, புத்திமதி கூடாது, சரி தப்பு கூடாது. கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது. எல்லோரும் பேசி முடித்ததும் விளக்கை நடுவில் ஸ்டூலில் வைத்துவிட்டு, எண்ணெய் தீர்ந்து அது தானாக அணையும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி அக்கா கொண்டுவருவது, உடன்குடியில் அவள் பிறந்த வீட்டிலிருந்து.

இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். "சாமி கும்பிடுத எடத்துல சேர் போட்டு வட்டமாவா இருப்பாவ? எவனாவது பொண்ணு பாக்க வந்துருக்கப் போறான், பாத்துக்க."

எனக்குப் பிடித்திருந்தது. விளக்கு என் கைக்கு வந்தபோது, கோயில் வாசலில் எங்கள் ஆட்கள் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னேன். யாரும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. இப்போதெல்லாம் அப்படி இல்லை என்று எனக்கு விளக்கவும் இல்லை. விளக்கின் சூடு உள்ளங்கையில் இருந்தது. அடுத்தவரிடம் கொடுத்தேன். அவ்வளவுதான். அன்று நடந்து திரும்பும்போது என் முதுகு நிமிர்ந்திருந்ததை நானே உணர்ந்தேன்.

வழக்கமாக வருகிறவர்களில் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய் உண்டு, தையல் கடை வைத்திருப்பவர். கல்லூரிப் பேராசிரியை ஒருவர், தத்துவம் நடத்துகிறவர். அக்காவின் சத்தத்தைப் பற்றி முதல் நாள் காப்பி குடிக்கும்போது பாய்தான் என்னிடம் பைய சொன்னார். "எங்கடையில மிசின் நின்ன பெறவும் காதுக்குள்ள ஓடிட்டே கெடக்கும்மா. அது மாதிரித்தான். ரெண்டு வாரத்துல பழகிரும், பெறவு அது இல்லாட்டாத்தான் தேடுவிய."

அவர் சொன்னபடிதான் ஆனது. விளக்கின் சுடரைப் பார்த்துக்கொண்டு அந்த டிக், டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் வேறெங்கும் ஓடாது. புரட்டாசியில் ஒரு வாரம் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேராசிரியை சொன்னார், வகுப்பில் சத்தம் தாங்க முடியாதபோது இந்தச் சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன் என்று. உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல, நாமெல்லாம் வெளியே நின்று கேட்பதுபோல என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரத்துக்குப் பிறகு அவள் முந்தானையை இழுத்துப் பிடிப்பதை விட்டுவிட்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊரெல்லாம் ஆபரேஷன் பண்ணின பொம்பிள்ளை என்று சொல்லப்பட்டவளுக்கு, அவள் நெஞ்சைக் கேட்கவே நாலுபேர் கண்ணை மூடி உட்கார்வது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும் வழியில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னாள். கணவர் வளைகுடாவில் டிரைவர். ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை இல்லை. அந்த மாத்திரை சாப்பிடும்போது பிள்ளை உண்டானால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை வரிசையாகக் கூப்பிட்டு முறுக்குக் கொடுக்கிறாள். தை மாதம் அவர் லீவில் வருகிறார். இதைச் சொல்லும்போது அக்கா தெருவிளக்குக்குக் கீழே நின்றுவிட்டாள். பிறகு மறுபடி நடந்தாள்.

ஐப்பசி தொடக்கத்தில் விளக்கு அவள் கைக்கு வந்தபோது சொன்னாள்: "விட வேண்டியத ஒன்னொன்னா விடுதேன். இத்தன நாளும் பயந்து பயந்து எல்லாத்தயும் புடிச்சிட்டே இருந்தேன். இப்பம் அவன்ட்ட விட்டாச்சு. வச்சா வைக்கட்டும், எடுத்தா எடுக்கட்டும்."

பேராசிரியை கண்ணை மூடித் தலையசைத்தார். அண்ணாச்சியின் முகம் கனிந்திருந்தது. பாய் மெல்ல அல்ஹம்துலில்லா என்றார். எனக்கு மட்டும் கடையின் மூன்றாவது தட்டு கண்ணில் வந்தது. அவள் மாத்திரை இருக்கும் தட்டு. அதை நான் கடைசியாக எப்போது எடுத்துக் கொடுத்தேன்?

மறுநாள் தட்டைப் பார்த்தேன். அவளுக்கென்று வரவழைத்த அட்டைகள் அப்படியே இருந்தன. அந்த மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வேறு ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியிலேயே வாங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வியாழக்கிழமை வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன், மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள் அக்கா என்று.

அவள் சிரித்தாள். "உள்ள சொன்னத வெளிய கேக்கக் கூடாதுல்லா."

"நான் மருந்துக் கடைக்காரியாத்தான கேக்கேன்."

"கடையில வந்து நிக்கும்போது கேளு." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கடைக்கு அவள் வரவில்லை.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் விடாத மழை. ஆற்றில் மண்டபங்கள் முழுகிக் கிடந்தன, பாலத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் குடையோடு போய் உட்கார்ந்தோம். ஓட்டின்மேல் மழை கொட்டும்போது அக்காவின் சத்தம் கேட்கவில்லை. மழையில் அது இயல்புதானே என்றுகூட யாரும் நினைக்கவில்லை. ஏன், அதைப்பற்றி யாருமே நினைக்கவில்லை.

மழை ஓய்ந்த முதல் வியாழக்கிழமை கார்த்திகை முடிகிற நேரம். வெளியே தவளைகள்கூட ஓய்ந்திருந்தன. விளக்கு ஸ்டூலுக்குப் போனது, எல்லோரும் கண்ணை மூடினோம். நான் காத்திருந்தேன். சத்தம் இல்லை. பிறகு இருந்தது. துணியில் சுற்றிவைத்த கடிகாரம்போல, தூரத்தில் யாரோ விரல் நுனியால் தொடுவதுபோல. மழைக்காலச் சளியில் என் காதுதான் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் பேராசிரியையும் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம்.

அடுத்த வாரம் அவர் விளக்கோடு பேசினார். நாமெல்லாம் வருஷக்கணக்கில் உட்கார்ந்தும் அடங்காதது ஒருத்திக்கு அடங்கி வருகிறது என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

விளக்கு அக்காவுக்குப் போனது. அவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள், கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தினாள். அதையும் நாங்கள் நிதானம் என்றே எடுத்துக்கொண்டோம். "முன்னெல்லாம் ராத்திரி படுத்தா, இந்தச் சத்தந்தான் தலையணைக்குள்ள கேக்கும். தூங்கவிடாது. இப்பம் இல்ல. இப்பம் படுக்கவே தோணல. செவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கிருதேன். உக்காந்து இருந்தாத்தான் மூச்சு சொகமா இருக்கு."

உட்கார்ந்தே தூங்குகிறாளாம் என்று காப்பி நேரத்தில் பாய் வியந்துபோய் என்னிடம் சொன்னார். பெரிய பெரிய ஆட்களுக்கே அது வாய்க்காது என்றார். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் உட்கார்ந்து தூங்குவார்கள். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

என்னோடு படித்தவள் ஒருத்தி மதுரையில் இதய வார்டில் மருந்து கொடுக்கிறாள். மறுநாள் மத்தியானம் அவளுக்குப் போன் செய்து விசாரித்தேன். நான் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. "சத்தம் கொறஞ்சுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பம் வால்வு சிக்குது. நீ எங்கிட்டப் பேசிட்டு நிக்காத. கூட்டிட்டுப் போ."

அக்கா போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலில் நின்று, அவ தியானத்துல இருக்கா, கூப்பிட வேண்டாம்னு சொல்லிருக்கா என்றாள். அந்தக் கிழவி என்னைக் கேலி செய்கிறாளா, உண்மையாகத்தான் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அக்கா மாத்திரை போடுகிறாளா என்று கேட்டேன். "அதையெல்லாம் அவ எங்கிட்டச் சொல்லுவாளா? ஒங்க கூட்டத்துலதான எல்லாத்தயும் சொல்லுதா" என்றாள்.

இரும்புக் கடைக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவரும் வியாழக்கிழமையைப்போலவே கேட்டார்.

"அவ மாத்திரைய விட்டத ஒங்கிட்டச் சொன்னாளா?"

"சொல்லல. ஆனா தெரியும்."

"தெரியும்னு நெனைக்கிற. எங்க பாட்டனாரயும் அப்படித்தான், ஒம் மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லித்தான் குடைஞ்சாவ. ஒருத்தி நம்பிக்கைய நாம எடபோட ஆரம்பிச்சா, பெறவு இந்தக் கட்டடம் எதுக்கு? பூட்டிட்டுப் போயிரலாம்."

"அவ செத்துப்போனா?"

அவர் கல்லாவின் மேல் இருந்த ஆணி டப்பாவை நகர்த்தி வைத்தார். "வெளக்கு ஒன் கைக்கு வரும்லா. அப்பம் ஒன்னப் பத்திப் பேசு. ஒம் பயத்தச் சொல்லு. அத யாரும் தடுக்க முடியாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் கூடியது. ஒருத்தி எங்கள் நடுவில் வாரம் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தாள், நல்ல மனிதர்கள் ஐந்தாறு பேர் கண்ணை மூடி அதை ரசித்துக்கொண்டிருந்தோம்.

மார்கழி வியாழன். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்து உட்கார்ந்தாள். உதட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அவள் கையிலிருந்த கருப்பட்டிப் பொட்டலத்தைப் பாய் வாங்கி வைத்தார். விளக்கு என் கைக்கு வந்தபோது அண்ணாச்சி சொன்னபடியே என் பயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மருந்தை நிறுத்திவிட்டார் என்று பயமாக இருக்கிறது என்றேன். அவர் இறந்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். அக்காவும் தலையசைத்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. விளக்கு நகர்ந்து போனது.

ஸ்டூலில் விளக்கை வைத்தார்கள். கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். திரி எரிகிற சத்தம் கேட்டது. பாயின் மூச்சு கேட்டது. எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றுவது கேட்டது. அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் தோள் மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது.

நான் எழுந்து போய் விளக்கை வாயால் ஊதி அணைத்தேன்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தால் அம்மா கையை முறித்துவிடுவாள். எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள். இருட்டில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. பேராசிரியை ஐயோ என்றார். பாய் எழுந்து சுவரைத் தடவி லைட்டைப் போட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்புக்கு முன்னால் பயம்தான் இருந்தது. கடல் கடந்து இருக்கும் கணவரைத்தான் நினைத்திருப்பாள்.

"அக்கா, மாத்திரய எப்பம் நிறுத்துனிய?"

அவள் முந்தானையை நெஞ்சின் மேல் இழுத்துப் பிடித்தாள்.

"இவ்வளவு பேரும் ஒங்க சத்தத்தத்தான கேக்க வாராவ. இன்னைக்கு ஒருத்தருக்காவது கேட்டுச்சான்னு கேளுங்க."

"நீ யாருட்டி எனக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "மாத்திர விக்குதவ. ஏவாரம் போச்சேன்னு வாரியா?"

"விக்குதவதான். ஒங்களுக்கு வித்தவ நாந்தான். அதனாலதான் தெரியும்."

அவள் கோபத்தோடு எழுந்தாள். வாசல் வரை போனாள். முதல் படியில் காலை வைத்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. "ஐப்பசி பொறந்ததும் விட்டேன்" என்றாள். "தை மாசம் அவிய வரும்போது ஒடம்பு சுத்தமா இருக்கணும்னு."

நிமிர்ந்து பார்த்தபோது அண்ணாச்சி கார் சாவியோடு எனக்கு முன்னால் தெருவில் நின்றுகொண்டிருந்தார். பாய் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பாய் ஓதிக்கொண்டே வந்தார். அக்கா என் தோளில் சாய்ந்து வாயால் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள். வேகத்தடைகளில் அண்ணாச்சி காரை நிறுத்தி நிறுத்தி ஏற்றியது இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது.

இளம் டாக்டர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, முன்பு இவருக்குச் சத்தம் வெளியே கேட்குமா, எப்போதிலிருந்து குறைந்தது, வீட்டில் யாராவது கவனித்தீர்களா என்று கேட்டார். எங்களுக்குப் பின்னால் ஆட்டோவில் வந்து சேர்ந்த பேராசிரியை வகுப்பில் பதில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். புரட்டாசியில் கணீரென்று கேட்டது, மழைக்கு அப்புறம் மங்கலாகக் கேட்டது, போன வாரம் காதை நீட்டினால்தான் கேட்டது, இன்றைக்கு இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

உறைவைக் கரைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். ஏற்றும் முன் அந்த டாக்டர் என்னிடம், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை வேண்டும் என்றால் மாத்திரையை ஊசிக்கு மாற்றி, கூடவே கண்காணித்துப் பார்க்கிற வழி உண்டு, சிக்கல்தான், ஆபத்தும் உண்டு, ஆனாலும் வழி உண்டு என்றார். "இத்தனை பேர்ட்ட சொல்லியிருக்காங்க. ஒருத்தர்கூட, ஏம்மான்னு கேக்கலையா?"

அக்கா பிழைத்தாள். ஆனால் உறைவின் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டது. சில நாட்கள் பேச்சு குழறியது, பிறகு திரும்பியது. வலது கை விரல்கள் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. சேலைக் கொசுவத்தை மாமியார்தான் மடித்துவிடுகிறாளாம். கணவர் தைக்குக் காத்திராமல் வந்தார். லீவு முடிந்ததும் போனார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பார்க்கவில்லை.

கூடத்தில் ஒரு வாரம் விளக்கு ஏற்றாமல் சும்மா பேசினோம். விதியை மாற்ற வேண்டும் என்று பாய் சொன்னார். அக்கா சாகப் பார்த்தது விதியால் அல்ல, எங்கள் முட்டாள்தனத்தால் என்று பேராசிரியை சொன்னார். அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அண்ணாச்சி கடைசியாகப் பேசினார். என்னைப் பார்க்காமல் விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விதி அப்படியே இருக்கட்டும். இவளும் அப்படியே இருக்கட்டும்."

ஆனியில் அக்கா திரும்ப வந்தாள். கேட்காமலே தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு வந்தபோது இடது கையால் வாங்கி, ஒன்றும் பேசாமல் அடுத்தவரிடம் கொடுத்தாள். அமைதியில் அந்தச் சத்தம் கேட்டது, டிக், டிக், பழைய அவசரத்தோடு. பேராசிரியை அழுததை நான் பார்த்தேன். இப்போது யாரும் அதைக் கதவு தட்டுவது என்று சொல்வதில்லை. ஆனால் எல்லோரும் கேட்கிறோம். விளக்கு ஸ்டூலுக்குப் போனதும் ஐந்தாறு தலைகள் தம்மையறியாமல் அவள் பக்கம் சாய்கின்றன. யாருடைய மனமும் கடவுள் பக்கம் போவதாக எனக்குத் தோன்றவில்லை.

அவள் என் கடைக்கு வருவதில்லை. என்னிடம் வாங்கக் கூடாது என்று வைத்திருக்கிறாள். மாத்திரைத் தட்டில் அவள் அட்டைகள் காலாவதியாகி, நான்தான் எடுத்துப் போட்டேன். வேறு எங்காவது வாங்குகிறாளா, இல்லையா? பாளையங்கோட்டையில் எத்தனையோ மெடிக்கல். எனக்குத் தெரிய ஒரே வழி வியாழக்கிழமைதான். ஹாஸ்டல் தோழியின் கல்யாணம் வியாழக்கிழமை வந்தது, நான் போகவில்லை.

சென்ற வாரம் அக்காவின் கணவர் மறுபடி லீவில் வருகிறார் என்று பாய் சொன்னார். அக்கா சிவப்புக் கண்ணாடி வளையல் புதிதாகப் போட்டிருந்தாள். நான் என் நாற்காலியை அவள் நாற்காலியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் விலகவில்லை. ஸ்டூலில் விளக்கு நின்று எரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கத் தொடங்கியபோது ஓட்டின்மேல் முதல் தூறல் விழுந்தது. பிறகு வலுத்தது. ஐப்பசி மழை, இனி நிற்காது. காதை எவ்வளவு சாய்த்தும் மழைதான் கேட்டது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தக் கூடத்தில் விளக்கு எரிகிற அமைதி நேரத்தில் ஒருவர் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

"போட்டாச்சு. கண்ண மூடு."

போன வருஷம் வாசலில் கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு அவள் வாயோரம் இருந்தது. நான் கண்ணை மூடவில்லை. விளக்கில் இன்னும் எண்ணெய் இருந்தது.